ஆம்ஸ்ட்ராங் வழக்கும் அதிகாலைத் துப்பாக்கிகளும்

பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் அண்ணன் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பதே நாளில், ஜூலை 14 அதிகாலை, அந்த வழக்கில் போலீஸ் காவலில் இருந்த திருவேங்கடம் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப்போனார்களாம். தப்பி ஓடினாராம். ஒளித்துவைத்த துப்பாக்கியால் சுட்டாராம். தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டார்களாம்.

செய்தி வந்த அன்று திண்டுக்கல்லில் எங்கள் தெருக்களிலேயே "சரியாத்தான் செஞ்சாங்க" என்றவர்கள் உண்டு. அவர்களோடு நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. அண்ணனை இழந்த கோபம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அரிவாள் எடுத்தவர்களைத் தாண்டி, காசு கொடுத்தது யார், திட்டம் போட்டது யார் என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்? அதைச் சொல்லக்கூடிய வாய்களில் ஒன்றை மூடிவிட்டு, தலித்துகளுக்கு நியாயம் செய்துவிட்டோம் என்று காட்டிக்கொள்கிறார்கள்.

ஆயுதத்தோடு பாய்கிறவனிடம் போலீஸ்காரர் வெட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. காக்கி போட்டவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காவலில் இருந்தவர் கைக்குத் துப்பாக்கி எட்டியது எப்படி என்றுதான் கேட்கிறோம். அந்த ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம், கொலை வழக்கில் கைதாகிறவருக்கு விலங்கு மாட்ட அனுமதிக்கிறது. விடியும்வரை காத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

மோதல் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். வழக்கில் 16 நெறிமுறைகள் வகுத்தது 2014 செப்டம்பர் 23 அன்று. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்ட கையோடு பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 23 அதிகாலையில், ஆந்திராவில் பிடித்துவரப்பட்ட சீசிங் ராஜா சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆயுதம் எடுக்கப்போன கதைதான். வசனம்கூட மாறவில்லை.

கோர்ட்டுக்கு வெளியே கணக்குத் தீர்த்தால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2012 ஜனவரி 10 அன்று நந்தவனப்பட்டியில் பசுபதி பாண்டியன் கொல்லப்பட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வெட்டப்பட்டார்கள். 2021 செப்டம்பரில், ஜாமீனில் இருந்த ஒரு பெண்ணின் தலையை அறுத்துக் கொண்டுபோய் அவர் வீட்டு முன்னால் வைத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெண் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிபதியும் சொல்லியிருக்கவில்லை. இனி யாரும் சொல்லவும் முடியாது.

பி.என்.எஸ்.எஸ். 105ஆவது பிரிவு தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. மாதவரத்துக்கு ஆயுதம் தேடிப்போன அந்த அதிகாலையின் வீடியோவை ஆம்ஸ்ட்ராங் குடும்பத்தின் வழக்கறிஞர்களிடம் கொடுங்கள்.