பறக்கக் கற்றுத்தருகிறவனுக்கு வேலை

போன ஆடி மாசம் சித்தப்பா மகன் என்னைத் தேடி ஜமுனாமரத்தூருக்கு வந்தான். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம் சொல்லித்தர நான் அங்கே தங்கியிருந்தேன். அடிவாரத்துச் சேரியில் என்னோடு ஏரி மீன் பிடித்தவன் இன்று விமானம் ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறான். ஓட்டக் கற்றுத்தரும் துணைப் பயிற்றுநர் தகுதியும் வாங்கிவிட்டான். வேலைதான் இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டான். "இன்னாண்ணா பண்றது? ஒரு எடத்துல கூப்புட்றாங்க. ரெண்டு லட்சம் டெபாசிட் கட்டணுமாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துடணுமாம்."

எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் போய் விமான வேலைக்கு யோசனை கேட்கிறானே என்று சிரிக்காதீர்கள். அவனுக்கு வேறு ஆளில்லை. மற்றவர்கள் வீட்டில் மாமா கேப்டன், பெரியப்பா ஏர்போர்ஸ். எங்கள் வீட்டில் சித்தப்பா ரயில்வே கேங்மேன்.

இந்தப் படிப்புக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் ஆகிறது. 200 மணி நேரம் பறந்தால்தான் உரிமம். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகையில் விமானப் பயிற்சிக்கு வருஷத்துக்கு 3.72 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மீதிக்குச் சித்தப்பாவின் ஓய்வுப் பணம், மனைக்கட்டு, பேங்க் கடன். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது. அது அரசு நிறுவனமாக இருந்தவரை விமானி வேலையிலும் இடஒதுக்கீடு என்று ஒன்று இருந்தது. இனி அங்கே அதைக் கேட்க வாசல் இல்லை. ஆகவேதான் பயிற்றுநர் வேலை. சம்பளமும் வரும், பறந்த மணிக்கணக்கும் ஏறும்.

நான் என் கதையைச் சொன்னேன். படித்து முடித்த வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரிஜினல்களை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். அரசு வேலைக்கு நேர்காணல் வந்தபோது தர மறுத்துவிட்டார்கள். அந்த வேலை போயே போய்விட்டது.

"நகல் குடு. ஒரிஜினலைக் காட்டிட்டுக் கையோட எடுத்துக்கினு வா" என்றேன்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். மரம் வெட்டக் கூட்டிப்போகிற தரகன் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான். உன்னிடம் முன்பணம் கேட்டு ஆள் பிடிக்கிறான். வேலை கொடுக்கிறவன் உன்னிடம் எதற்குக் காசு கேட்கிறான் என்று யோசி என்றேன்.

அப்புறம் இருவரும் அவன் நோட்டில் எழுதினோம். பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது? துணைப் பயிற்றுநர் மூத்தவர் மேற்பார்வையில்தான் கற்றுத்தர முடியும். அப்படி மூத்தவர் அங்கே எத்தனை பேர்? சம்பளம் மாசத்துக்கா, மணிக்கா? மழையில் பறக்காத நாளுக்கு என்ன தருவார்கள்? ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? அங்கே வேலை பார்த்து வெளியே வந்தவன் ஒருவனையாவது தேடிப்பிடித்துக் கேள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். பறக்காத மணியைப் பறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அன்றைக்கே வெளியே வந்துவிடு. 2011-இல் போலிச் சான்றிதழ் விமானிகள் பிடிபட்டபோது நாடே பார்த்தது. பெரிய வீட்டுப் பிள்ளை மாட்டினால் தப்பு என்பார்கள். நாம் மாட்டினால் சாதியைச் சொல்வார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இன்டர்வியூல கோட்டாவான்னு கேட்டாங்கண்ணா. வாய் அடைச்சிப்போச்சி."

"லாக்புக்கைத் தொறந்து மேசமேல வை. இருநூறு மணியும் எஞ்சின் ஓடித்தான் ஏறிச்சின்னு சொல்லு."

சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போனான். காவலூர் வானாய்வகத்தைத் தாண்டும்போது போன் செய்தான். "அந்த எடம் வாணாம்ணா. வேற நாலு எடத்துக்கு எழுதறேன்." மாசம் அஞ்சாம் தேதி கடன் தவணை. சித்தப்பா இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் விமானம் ஓட்டுகிறவர்கள், கற்றுத்தருகிறவர்கள் எங்கேயாவது இருப்பீர்கள். ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கிறோம். இந்த இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்து வருகிற பிள்ளையாவது எம்.ஏ. தமிழ்க்காரனைத் தேடி மலையேறாமல் இருக்கட்டும்.