முதல்ல கொஞ்சம் முடுக்கு!

குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் பழமொழி இருக்கிறது. பி.காம். படித்தவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவன் என்னைப் படைத்திருக்கிறான் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுத் தறியைக் கழற்ற வேண்டி வந்தது.

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு எங்கள் ஊர். ஆரணி என்றால் உங்களுக்கு அரிசி ஞாபகம் வரும். உங்கள் வீட்டம்மாவுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எங்களுக்கு 'டடக்... டடக்' சத்தம்தான் ஞாபகம் வரும். கோழி கூவி எழுந்தவன் எங்கள் தெருவில் கிடையாது. பக்கத்து வீட்டுத் தறி தட்டித்தான் எழுந்திருப்பான்.

எங்கள் நைனா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடு வீட்டில், தரையில் ஒரு குழி. அதில் காலை விட்டு உட்கார்ந்து, கால் ஒரு பக்கம் மிதிக்க, கை ஒரு பக்கம் நாடாவை ஓட்ட வேண்டும். தலைக்கு மேலே மரச் சட்டத்தில் ஜக்கார்டு பெட்டி. 1804-ல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக நகர, எந்த இழை மேலே போவது, எது கீழே நிற்பது என்று அட்டையே முடிவு செய்யும். மயிலும் மாங்காயும் அப்படித்தான் புடவையில் வந்து உட்காருகின்றன.

இரண்டு வருஷம் முன்பு நைனாவின் முழங்கால் ஸ்ட்ரைக் செய்தது. "இனிமே குழியில இறங்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தறி துணி நெய்யவில்லை. துணி காயப்போடப் பயன்பட்டது.

பின்தெருவில் ஓர் இளம் ஜோடி. புருஷன், பெண்டாட்டி இருவரும் இன்னொருவர் தறியில் நெய்கிறவர்கள். சொந்தத் தறி போட ஆசைப்பட்டு வந்து கேட்டார்கள். நைனா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு கண்டிஷன்.

"மரம் ஒரு கீறல் இல்லாம போவணும். சிலாம்பு கெளம்பிச்சின்னா பட்டு நூல் மாட்டும். மாட்டினா அறுந்துடும்."

தறிக் கால்களையும் குறுக்குச் சட்டத்தையும் இரும்புப் பட்டை போட்டு இணைத்திருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஓர் ஆணி.

"ஆசாரித் தாத்தாவக் கூப்பிடலாமே?" என்றாள் என் மனைவி.

"பன்னெண்டு ஸ்க்ரூவுக்கு ஆள் கூலியா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"அதாங்க எனக்கும் புரியல."

இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு எந்த ஆண்மகனும் பின்வாங்க மாட்டான். நானும் களத்தில் இறங்கினேன். கையில் டெஸ்டர்!

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டெஸ்டர். ஆனால் நாம் அதை வைத்து ஸ்க்ரூ கழற்றுவோம், பெயின்ட் டப்பா திறப்போம், சமயத்தில் முதுகு சொறிவோம். மூன்று ஸ்க்ரூ சமர்த்தாக வந்தன. நாலாவது அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருப்பினேன். டெஸ்டரின் மூக்கு வளைந்தது. ஸ்க்ரூவின் தலையில் இருந்த பள்ளம் மழுங்கி, சோப்புத் துண்டு மாதிரி ஆகிவிட்டது.

நண்பனிடம் பாட்டரி டிரில் இரவல் வாங்கி வந்தேன். 'சர்ர்ர்' என்று நாலு ஸ்க்ரூ வந்துவிட்டன. ஆக ஏழு. மனைவி பக்கம் ஒரு வெற்றிப் பார்வை வீசிவிட்டு எட்டாவதில் வைத்து அழுத்தினேன். பிட் வழுக்கி, தறிக் காலில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது.

நைனா எழுந்து வந்தார். அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பதினேழு வயசில் தறிக்குழியில் உட்காராமல் காலேஜுக்குப் பஸ் ஏறினேனே, அன்றைக்கும் இதே மாதிரிதான், ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு அர்த்தம் என்ன என்று இத்தனை வருஷமாக நானும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஆசாரித் தாத்தா வந்தார். வயசு எழுபதுக்கு மேல். நான் செய்திருந்த திருப்பணியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா படிச்சிருக்க?"

"பி.காம்., தாத்தா."

"அதான."

இனி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டுக் கட்டில், கதவு, பீரோ எதற்காவது ஒரு நாள் உதவும்.

முதல் பாடம்: திருப்புவதற்கு முன்னால் பள்ளத்தைச் சுத்தம் செய். ஒடிந்த ஹாக்ஸா பிளேடின் முனையால் அவர் சுரண்டியபோது, உள்ளே இருந்து வந்தது அழுக்கு இல்லை. சந்தனம், குங்குமம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். டெஸ்டர் பள்ளத்தில் உட்காராமல் பக்தியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு எப்படித் திரும்பும்?

இரண்டாவது பாடம்: பள்ளத்தின் அகலத்துக்குச் சரியான திருப்புளி. சின்னதாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் தின்றுவிடும். "முக்கா பங்கு அமுக்கு, கா பங்கு திருப்பு. நீ முழுசும் திருப்பிட்ட" என்றார். சுத்தம் செய்து, சரியான திருப்புளி வைத்து, மேலே சுத்தியலால் இரண்டு தட்டு. இரண்டு ஸ்க்ரூ வந்துவிட்டன. ஆக ஒன்பது.

பத்தாவது பிளஸ் தலை. இதை 1936-ல் பேட்டன்ட் வாங்கிப் பரப்பியவர் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ். தொழிற்சாலையில் மெஷின் வைத்து மளமளவென்று முடுக்குவதற்கு வசதி என்று கார் கம்பெனிகள் வாரி அணைத்துக்கொண்டன. முடுக்கும்போது சமர்த்து. ஆனால் சரியாக அழுத்தாமல் முறுக்கினால் திருப்புளியை வெளியே தள்ளிவிடும். நாலு தடவை தள்ளினால் பிளஸ் பூஜ்யம் ஆகிவிடும். என் டிரில் செய்தது அதைத்தான். தாத்தா பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, தலைமேல் வைத்து, அதன்மேல் திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினார். தேய்ந்த இடத்தில் ரப்பர் போய் அடைத்துக்கொண்டு பிடிமானம் கொடுக்க, பத்தும் வந்தது.

பதினொன்று, நான் சோப்பாக்கிய அந்த மகானுபாவன். அதன் தலை பட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. ஹாக்ஸாவால் தலையில் புதுசாக ஒரு பள்ளம் அறுத்தார். அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது கதையே வேறு. பள்ளம் சுத்தம். திருப்புளி சரியான அளவு. தாத்தாவே அழுத்துகிறார். ம்ஹூம்! ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தில் கறுப்பாக ஒரு வளையம்.

"வேங்கை மரம்பா. துவர்ப்பு ஜாஸ்தி. இரும்பு பட்டா கறுத்துப்போவும். கடுக்கா மை மாதிரி. உள்ள துரு புடிச்சி ஊதிக்கினு நிக்குது."

இரும்பு துருப்பிடித்தால் உப்பும். மரத்துக்குள் உப்பினால் ஆப்பு வைத்தது போல இறுகிவிடும்.

"மண்ணெண்ணெய் ஊத்தலாமா தாத்தா?"

"கதவா இருந்தா ஊத்தலாம். தறிக்கு ஊத்தினா மரம் குடிச்சி வெச்சிக்கும். நாளைக்குப் பட்டுல கக்கும். ஒரு பொடவை யார் தலையில விடியும்?"

மொபைல் ரிப்பேர் கடைப் பையனிடம் சால்டரிங் அயர்ன் வாங்கி வரச் சொன்னார். நூல், பஞ்சு எல்லாவற்றையும் தூர ஒதுக்கிவிட்டு, ஸ்க்ரூ தலையில் அதை இரண்டு மூன்று நிமிஷம் வைத்துக்கொண்டே இருந்தார். சூட்டில் இரும்பு விரியும். சுற்றி இருக்கும் மரத்தைக் கொஞ்சம் நெருக்கும். ஆறினால் சுருங்கும். அந்த இடைவெளியில் துருவின் பிடி விட்டுப்போகும். ஆறட்டும் என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் அவசரமாகத் திருப்புளியை எடுத்து இடது பக்கம் திருப்பப் போனேன்.

"தோ பார்! கழட்டணும்னா மொதல்ல கொஞ்சம் முடுக்கு."

"முடுக்கறதா? கழட்டத்தானே..."

"அது எந்தப் பக்கம் போய் உக்காந்துச்சோ, அந்தப் பக்கமே ஒரு மயிரிழை தள்ளு. 'சரிப்பா, நீ சொல்றதும் நாயம்தான்'னு சொல்ற மாதிரி. அப்புறம் பார்."

ஒரு மயிரிழை வலது பக்கம் அழுத்தினேன். 'டிக்' என்று சின்னச் சத்தம். துரு விட்ட சத்தம். இடது பக்கம் திருப்பினேன். கால் சுற்று வந்தது. மறுபடி கொஞ்சம் வலது, மறுபடி இடது. அவ்வளவு நேரம் ஆசாரியையே ஆட்டிவைத்த ஸ்க்ரூ, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமாவைச் சமாதானம் செய்து கூட்டி வருகிற மாதிரி, மெள்ள வெளியே வந்தது.

கையில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு திண்ணையைப் பார்த்தேன். நேற்றிலிருந்து நானும் நைனாவைக் கழற்றத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மன்னிச்சிடு நைனா', 'கீறலை இழைச்சிடலாம் நைனா', 'அந்தப் பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும் நைனா'... எல்லாம் இடது பக்கம். அசையவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல்ல கொஞ்சம் முடுக்கு!

"நைனா, குடுக்க மனசு இல்லன்னா வேணாம். மறுபடி மாட்டிடலாம். வீட்டுலயே நிக்கட்டும்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போடா! சும்மா நின்னா மரம் உளுத்துப்பூடும். மிதிச்சாத்தான் தறி. அதுங்க கொண்டு போவட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "கீறினது கூடப் பரவால்ல. இந்தத் தறியில எவன் கையும் படாம நாப்பது வருஷம் வெச்சிருந்தேன். அதான்..." என்றார்.

எழுந்து உள்ளே வந்தார். பாக்கி அந்த ஆணி.

நைனா உட்காரும் இடத்துக்கு வலப்பக்கத் தறிக் காலில், கைக்கு எட்டும் உயரத்தில் அது இருந்தது. கொண்டை உதிர்ந்து, முனை மட்டும் கூராக நின்றது. தூக்கிப் போகிறவர் கையைக் கிழிக்கும், எடுத்துவிட வேண்டும் என்றார் தாத்தா. கொண்டை இல்லாத ஆணியைச் சுத்தியல் கொம்பில் மாட்ட முடியாது. கொறடாவால் கடித்துப் பிடித்து, கொறடாவுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்து, அதன்மேல் நெம்பினார். துண்டு வைத்தால் மரத்தில் பள்ளம் விழாது, நெம்புவதற்கும் தோது. கொஞ்சம் வந்ததும் கொறடாவை இறக்கிப் பிடித்து, மறுபடி நெம்பல். ஒரே மூச்சில் பிடுங்கினால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடுமாம்.

"இதுல இன்னா மாட்டியிருந்த?" என்று நைனாவைக் கேட்டார் தாத்தா.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. உள்ளே போய், மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிய ஒரு நோட்டை எடுத்து வந்தார். கூலிக் கணக்கு. முதலாளியிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியது, எத்தனை புடவை கொடுத்துக் கழித்தது என்று நைனாவின் கோணல் எழுத்தில் பக்கம் பக்கமாக. நடுநடுவே, 'காலேஜ் பீஸ்.' 'பரிட்சை பீஸ்.' 'பஸ் பாஸ்.' ஒவ்வொன்றுக்கும் எதிரில் இத்தனை புடவை என்று கழித்து, அடித்துவிட்டிருந்தார்.

மூன்று வருஷம் பற்று எது, வரவு எது என்று படித்துப் பட்டம் வாங்கியவன் நான். நிஜக் கணக்கு வீட்டு ஆணியில் தொங்கியதை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

"நைனா, நான் தறியில உக்காரலன்னு உனக்கு வருத்தமா?" என்று கேட்டேவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து!

"உன்ன உக்கார வெக்கணும்னா எதுக்குடா பீஸ் கட்டறேன்?" என்றார் நைனா. அவ்வளவுதான் பதில்.

ஆணி வந்துவிட்டது. ஓட்டை மட்டும் மரத்தில் இருந்தது. தாத்தா மூங்கிலைச் சீவி, பசை தடவி அடைக்கப் போனார். ஸ்க்ரூ ஓட்டைகளை எல்லாம் அப்படித்தான் அடைத்திருந்தார். திரும்ப மாட்டும்போது புது ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் வேண்டுமே! நைனா அவர் கையைப் பிடித்தார்.

"அத்த மட்டும் அடைக்காத. அந்தப் பிள்ளைங்களுக்கும் நோட்டு மாட்ட எடம் வேணும்ல?"

தறி போய்விட்டது. குழியை மூடி சிமென்ட் பூசியாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டாவது ஸ்க்ரூ என் எழுத்து மேஜை மேல் இருக்கிறது.

ஆபீசில் மேனேஜர் லீவ் லெட்டரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரா? நீங்களும் ஒரு மயிரிழை அவர் பக்கமே தள்ளிப் பாருங்கள். "நீங்க சொல்றது சரிதான் சார், வேலை ஜாஸ்தியாத்தான் இருக்கு..." 'டிக்' என்று சத்தம் கேட்டதும் இடது பக்கம் திருப்புங்கள்.

இந்த வித்தையை என் மனைவியிடமும் பரீட்சை செய்து பார்த்தேன். "நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கே ஆசாரித் தாத்தாவைக் கூப்பிட்டிருக்கணும்" என்றேன்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு? நேரா சொல்லுங்க" என்றாள்.

சில ஸ்க்ரூக்களுக்குத் திருப்புகிறவனைத் தெரிந்திருக்கிறது!