பன்னிரண்டு பேருக்கு ஒரு விறாந்தை

மொன்றியலில் சென்ற டிசம்பரில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாட்டு மேசையில் நண்பர் ஒருவர் சொண்டர் நிறுவனம் விழுந்த கதையை எடுத்தார். எங்கள் ஊர் மக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2012இல் கோடை விடுமுறைக்கு வெறுமையாகக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடத் தொடங்கி, பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பங்குச் சந்தை வரைக்கும் வளர்த்த நிறுவனம் அது. 2025 நவம்பர் 9ஆம் திகதி மரியொட் ஹொட்டேல் நிறுவனம் அதோடு செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்தது. மறுநாளே கடையை மூடுவதாக அறிவித்தார்கள். அறைகளில் இருந்தவர்களைப் பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். "பாத்தியா, ஹொட்டேல் எண்டால் ஹொட்டேல், வீடு எண்டால் வீடு. ரெண்டையும் கலந்தால் இதுதான் கெதி. அதோட, கூட்டமாப் போய் ஒரு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதும் ஒரு விடுமுறையோ?" என்றார் நண்பர்.

அவருக்கு அந்த மேசையில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். ஏனென்றால் நான் அப்போதுதான் பெங்களூரில் அப்படி ஒரு வீட்டுக்குள் பன்னிரண்டு பேரோடு ஒன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன்.

பெரியம்மா யாழ்ப்பாணத்தில். அக்கா குடும்பம் லண்டனில். சித்தப்பாவின் மகன் சூரிச்சில். நாங்கள் மொன்றியலில். பெரியம்மாவுக்குக் கனடா விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் கால் வைக்கக்கூடிய நாடு இந்தியாதான். சாயி பாபாவின் நூற்றாண்டு விழாவுக்குப் புட்டபர்த்தி போகவேண்டும் என்பது பெரியம்மாவின் நீண்ட நாள் ஆசை. ஆகவே அங்கே போய்வர வசதியான பெங்களூர். பிள்ளைகளுக்குள் ஆங்கிலம், பிரெஞ்சு, சுவிஸ் ஜேர்மன் என்று மூன்று மொழி. தமிழ், பெரியம்மாவோடு பேசும்போது மட்டும்.

முதல் இரவு நடந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. முன்பணம் கட்டி ஒழுங்கு செய்த அடுக்குமாடி விடுதி. இரவு பதினொன்றரைக்குப் போய் இறங்கினோம். வரவேற்பு மேசையில் இருந்த பையன் கடவுச்சீட்டுகளை வாங்கி அடுக்கினான்: இலங்கை, பிரித்தானியா, சுவிஸ், கனடா. முகம் மாறிவிட்டது. "ஃபாரினர்ஸ்னா சி ஃபார்ம் போடணும் சார். நம்மகிட்ட அந்த லாகின் இல்ல. ஆதார் இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?" வெளிநாட்டவர் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் பதிவு செய்யும் வசதியே இல்லாத இடம் எங்களிடம் ஏன் பணம் வாங்கியது? எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மா பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நாங்கள் என்ன களவெடுக்கவே வந்தனாங்கள்?" என்று கேட்டார். தமிழ் பேசுகிற ஒரு கிழவி தனக்கு எப்படி வெளிநாட்டவர் ஆனார் என்பது அந்தப் பையனுக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கனடாவில் இது நடக்காது. கியூபெக்கில் குறுகிய கால வாடகைக்கு வீடு விடுகிறவர் பதிவெண்ணை விளம்பரத்திலேயே காட்டவேண்டும். எண் இல்லாத விளம்பரத்தைப் போடும் தளத்துக்கு ஒரு லட்சம் டொலர் வரைக்கும் தண்டம். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2023 மார்ச்சில் பழைய மொன்றியல் கட்டடம் ஒன்று எரிந்து ஏழு பேர் செத்த பிறகு வந்தது. செத்தவர்களில் சிலர் அப்படி வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்கள். ஒழுங்கு என்ற விஷயத்தில் நான் வந்து சேர்ந்த நாட்டின் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் குசினிக்குள் வந்தால் பெங்களூரின் பக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் அல்சூரில் ஒரு வீடு கிடைத்தது. மூன்று படுக்கையறை, நடுவில் நீளமான ஹோல். அதைப் பெரியம்மா முதல் நாளிலிருந்தே விறாந்தை என்றார். குசினியைத் திறந்தால் ஐந்து லீற்றர் பிரஷர் குக்கர், மிக்ஸி, இட்லிப் பானை, தேங்காய் துருவி, இருபது எவர்சில்வர் தட்டு. நான் கனடாவில் எத்தனையோ அடுக்குமாடி விடுதிகளில் தங்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருக்கும், வைன் கிளாஸ் நாலு இருக்கும், பாண் வாட்டும் கருவி இருக்கும். பன்னிரண்டு பேருக்குச் சோறு வடிக்க ஒரு சட்டி இருக்காது. ஒருமுறை ஒட்டாவாவில் கத்தரிக்காய் பொரித்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்துக் கட்டடமே வீதியில் இறங்கி நின்றது. அங்கே குசினி என்பது காலையில் கோப்பி போட. பெங்களூர் வீட்டில் சமைப்பவர்கள் வந்து தங்குவார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அல்சூர்ச் சந்தையில் இடியப்ப உரல் வாங்கினோம். அக்கா பிழிந்தார், சூரிச் தம்பி சம்பல் அரைத்தான், சுவிஸ் மருமகள் சொதியைக் கிண்டினாள். புட்டபர்த்திக்குப் போய்த் திரும்பிய இரவு பதினொரு மணிக்கும் அடுப்பு எரிந்தது. பாய் விரித்துப் பிள்ளைகள் எல்லோரும் ஹோலிலேயே படுத்தார்கள். படுக்கையறைகளில் இரண்டு கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. மூன்றாம் இரவு என் மகள் பெரியம்மாவிடம் கதை கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பதினைந்து வருடத் தொலைபேசி அழைப்புகளால் நடக்காத காரியம் அது. ஹொட்டேலில் ஆறு அறை எடுத்திருந்தால், காலைச் சாப்பாட்டு மேசையில் சந்தித்துவிட்டுப் பிரிந்திருப்போம்.

இப்படிக் கூட்டமாகத் தங்குவது ஏதோ ஸ்ரார்ட்அப்காரர்கள் கண்டுபிடித்தது என்று நண்பர் நினைக்கிறார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் மடத்தில்தான் தங்கும். ஒரு பக்கம் அன்னதானம், மறுபக்கம் பாய். பெங்களூரிலேயே ரயில் நிலையத்துக்கு எதிரே குப்பி தோட்டதப்பா தொடங்கிய சத்திரம் இருக்கிறது. 1903இல் மைசூர் மகாராஜா திறந்துவைத்தது. வழிப்போக்கரைக் கூட்டமாக ஏற்கும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிதில்லை.

சொண்டர் விழுந்ததற்கும் கூட்டமாகத் தங்குவதற்கும் சம்பந்தமில்லை. வீடுகளை நீண்ட குத்தகைக்கு எடுத்து, இரவுக் கணக்கில் விற்கிற வியாபாரம் அது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தாகவேண்டும். அந்தக் கணக்குப் பல வருடமாக நட்டத்தில் ஓடியது. பெங்களூரில் கிழமை நாட்களில் கணினி நிறுவனத்து ஆட்கள் தங்குகிறார்கள், சனி ஞாயிறில் கல்யாணக் கூட்டம் வருகிறது. அங்கே வீடுகளை இப்படித் தங்க விடும் தொழில் நிலைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூரில் இந்தத் தொழில் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஏற்பீர்களா, மாட்டீர்களா என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள். முடிந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் படிவம் நிரப்பச் சில நிமிடம்தான் ஆகும். நாலு நாட்டுக் கடவுச்சீட்டோடு ஒரே குடும்பமாக வருகிறவர்கள் எங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். பெரியம்மாவுக்கு இந்த மாசியில் எழுபத்தொன்பது. அடுத்த வருடமும் வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறோம்.