தினமும் தொலைந்த முதல் தட்டு

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு நான் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிய கதை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பீற்றியிருக்கிறேன். அடையாள அட்டையை ஸ்கேன் செய்தால் பச்சை டிக் வரும், டேட்டாபேஸில் ஒரு வரி விழும், மாதக் கடைசியில் அந்த வரிகளை எண்ணி பில். பைத்தான், ஃப்ளாஸ்க், ஹாஸ்டலின் பழைய கம்ப்யூட்டரில் மை எஸ்க்யூஎல் 5.7. பீற்றாத பகுதி ஒன்று உண்டு, இன்று அது.

தினமும் காலை ஏழு மணி வாக்கில் லாக் ஃபைலில் ஒரே ஒரு பிழை: 2006, 'மை எஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே'. (2006 வருடம் இல்லை சாமி, பிழை எண்.) சர்வர் எங்கேயும் போகவில்லை, அடுத்த தட்டு ஒழுங்காகப் பதிவாகிறது. காரணம், பிழை வந்தால் புது கனெக்‌ஷன் எடுத்துக்கொள் என்று எழுதி வைத்திருந்தேன். அப்புறம் என்ன, போகட்டும் என்று ஒன்றரை மாதம் விட்டுவிட்டேன்.

ஒருநாள் பரிமாறும் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, உன் மெஷின்ல தினம் ஒரு தட்டு குறையுது. நான் யாருக்கோ ஓசியில போடறேன்னு காண்ட்ராக்டர் சம்பளத்துல பிடிக்கிறாரு."

வயிற்றைக் கலக்கியது. புது கனெக்‌ஷன் எடுத்தேனே தவிர, தோற்றுப்போன குவரியைத் திரும்ப ஓட்டவே இல்லை. ஆனால் பச்சை டிக் மட்டும் ஜோராக வந்திருக்கிறது! லாக்கில் 38 வரி. தட்டு 35 ரூபாய். 1,330 ரூபாய்.

சரி, காலையில் மட்டும் ஏன்? ரேம், நெட்வொர்க் கேபிள், பழைய ஹார்டு டிஸ்க் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முடிச்சை அவிழ்த்தது அண்ணன்தான். தினக் கணக்கை நோட்டில் எழுதுகிறவர், புரட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சை வாரம் ஏழு நாளும் கணக்கு சரியா இருக்கே" என்றார்.

பரீட்சை வாரத்தில் நடுராத்திரி பன்னிரண்டுக்கு டீ உண்டு. அதற்கும் ஸ்கேன்! மற்ற நாட்களில் இரவு ஒன்பதுக்குக் கடைசித் தட்டு, காலை ஏழுக்கு முதல் தட்டு, பத்து மணி நேர இடைவெளி. மை எஸ்க்யூஎல்லில் 'வெயிட் டைம்அவுட்' என்று ஓர் அமைப்பு. 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம் பேச்சுமூச்சில்லாத கனெக்‌ஷனை சர்வரே துண்டித்துவிடும். நானோ அப்ளிகேஷன் தொடங்கும்போது திறந்த ஒரே கனெக்‌ஷனை நாள் முழுக்கப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். (சீனியரின் பழைய பிஎச்பி பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்கும். அதனால் அதற்கு இந்த வியாதி வரவே இல்லை. எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன் அதை!) 8.0.24 முதல், சும்மா இருந்ததால் துண்டித்தேன் என்று 4031 எண்ணோடு சர்வரே சொல்லிவிடுகிறது. எங்கள் கிழட்டுப் பதிப்புக்கு அந்த நாகரிகம் கிடையாது.

உடனே டைம்அவுட்டை 24 மணி நேரமாக்கி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பொங்கலுக்கு ஹாஸ்டல் ஐந்து நாள் மூடல். திறந்த அன்று காலை, அதே 2006.

அதற்கப்புறம்தான் ஒழுங்கான வேலை. எஸ்க்யூஎல் ஆல்கெமிக்கு மாறி 'பூல் ப்ரீ பிங்' போட்டேன். கனெக்‌ஷனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் "உயிரோடு இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுக்கும், பதில் இல்லையென்றால் புதிது திறக்கும். இன்னொன்று, டேட்டாபேஸில் வரி விழுந்தது உறுதியானால்தான் இப்போது பச்சை டிக். இல்லையென்றால் சிவப்பு, மறுபடி ஸ்கேன்.

லாக்கை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணனோடு வார்டனிடம் போனேன். 38 தேதியும் அவர் நோட்டோடு பொருந்தின. அடுத்த சம்பளத்தில் காண்ட்ராக்டர் 1,330 ரூபாயைத் திருப்பித் தந்தார். பொங்கல் கழிந்து தொலைந்த 39வது தட்டுக்கான 35 ரூபாயை நான் நீட்டினேன். அண்ணன் மறுக்கவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நோட்டில் அந்தத் தேதியை அடித்தார்.