ஊற்றும் கைக்கு ஏற்ற மண்

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் ஈரச்சந்தை வாசலிலும் நர்சரிகளிலும் வரிசையாக நிற்கும் அந்தச் சின்னச் செடியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தடித்த பச்சை இலைகள். அவற்றின் மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கள். பெயர் கலஞ்சோ. சீனர்கள் இதை ‘நீண்ட ஆயுள் பூ’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால், நம்மில் பலரது வீடுகளில் அந்த ஆயுள் ஏப்ரல் மாதத்தைத் தாண்டுவதில்லை.

வெயில் போதவில்லை, உரம் போடவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது மண்ணை.

எங்கள் வீட்டுக்கு இந்தச் செடி வந்த கதை வேறு. அப்பா காலமாகி ஆறேழு மாதங்கள் கழித்து வந்த சீனப் புத்தாண்டின்போது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி மஞ்சள் பூத்த தொட்டி ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தார். இருவருக்கும் பொதுமொழி பாசார் மலாய்தான். “தண்ணீர் அதிகம் வேண்டாம்” என்று அந்த மொழியிலேயே ஆண்ட்டி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கேட்பாரா? காலை ஆறரை மணி என்பது முப்பது ஆண்டுகளாக அப்பாவுக்குக் காப்பி கலக்கும் நேரம். அந்த நேரம் இப்போது செடிக்குப் போனது. வானொலியில் இரவு நிகழ்ச்சி முடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் எனக்கு, தாழ்வாரத்தில் தண்ணீர் விழும் சத்தம்தான் விடிந்ததற்கு அடையாளம். “செடி வாயத் தொறந்து கேக்குமா? நாமதான் பாத்து ஊத்தணும்” என்பார். மாலையில் இன்னொரு குவளை.

இரண்டே மாதத்தில் இலைகள் தொய்ந்தன. “தாகமா இருக்கு போல” என்று அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தண்டின் அடிப்பகுதி கறுத்துக் குழைந்தது. செடி போன பிறகும் அந்தக் காலித் தொட்டியை அவர் அங்கேயே வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஆண்ட்டி இன்னொரு செடி கொண்டுவந்தபோது, இம்முறை இது பிழைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதற்காக அம்மாவிடம் ‘ஊற்றாதீர்கள்’ என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒருவருக்காக எழுந்து ஏதோ செய்கிறோம் என்று அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான். ஆகவே மண்ணை மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

முதலில் செடியைப் புரிந்துகொள்ள வேண்டும். கலஞ்சோவின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவின் மலைப்பகுதி. இலையிலேயே தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும் இனம். அம்மா அதன் இலையைத் தடவிப் பார்த்து, “இது நம்ம ரணகள்ளி சாதிதானே!” என்றார். ஜொகூர் தோட்டத்தில் லயத்து வீட்டுப் பின்புறம் வளர்ந்ததாம். அவர் சொன்னது சரிதான். இரண்டும் நெருங்கிய உறவு. ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பகலில் அந்தப் புளிப்பு மறைவதையும் இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் 1813ஆம் ஆண்டிலேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. என்னைப் போலவே இரவுப் பணிக்காரச் செடி! (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். கலஞ்சோ, பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு.)

பகலில் துளைகள் மூடியிருப்பதால் இது குடிப்பது குறைவு. ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும் செடியும் தாகத்தில் வாடுவதுபோலத் தெரிகிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்றிலும் ஈரம். இங்கே மண் தானாகச் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நம்ப முடியாது.

கடையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கரிய, பஞ்சு போன்ற கலவையில் இருக்கும். நனைந்தால் நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முற்றிலும் காய்ந்தாலோ தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். பூ முடிந்ததும் இதை மாற்றிவிடுவது நல்லது.

நான் செய்த கலவை எளிது. சாதாரணத் தொட்டி மண் ஒரு கிண்ணம், பியூமிஸ் எனும் நுரைக்கல் ஒரு கிண்ணம், பெர்லைட் ஒரு கிண்ணம். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கி நெல்பொரி போலப் பொரித்தெடுத்த வெள்ளைத் துகள். அதன் தூசி மூச்சுக்கு ஆகாது. முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கலக்குங்கள். அம்மா பழைய மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து நுரைக்கல்லின் தூளைச் சலித்துக் கொடுத்தார். அந்தத் தூள்தான் இடைவெளிகளை அடைப்பது. அளவாக ஊற்றும் வீட்டுக்கு மண் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். தினமும் ஊற்றும் வீட்டுக்குக் கல்லின் பங்கு கூட வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில், மேலே உள்ள நுண்ணிய மண் நன்றாக ஊறி நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழே இருக்கும் கல்லுக்குள் இறங்கும். ஈரம் தங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். கல்லை மண்ணோடு கலப்பதே பலன் தரும். துளையுள்ள, பூச்சில்லாத சுட்டமண் தொட்டி என்றால் பக்கவாட்டிலும் ஈரம் காயும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு குவளை ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். பிறகு ஒரு சாத்தே குச்சியை மண்ணில் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால்தான் அடுத்த தண்ணீர். தட்டில் நிற்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவுக்கும் இடமிருக்காது.

எங்கள் வீட்டில் அந்தச் சாத்தே குச்சி இப்போது அம்மாவின் கையில். காலை ஆறரைக்கு முதல் வேலை குச்சியைச் செருகிப் பார்ப்பது. ஈரமாக வந்தால் இலைகளின் தூசியைத் துடைத்துவிட்டு, “இன்னிக்கு இதுக்குப் பசியில்ல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார். மறந்துபோய் ஊற்றிவிடும் நாட்களும் உண்டு. அந்த மண் தாங்கிக்கொள்கிறது. ஓராண்டு ஓடிவிட்டது. இன்னும் பூக்கவில்லை. இதற்கு நீண்ட இருட்டு தேவை. எங்கள் தாழ்வாரத்து விளக்கோ இரவு முழுவதும் எரிகிறது. ஆறு வாரங்களுக்குத் தினமும் பதினான்கு மணிநேரம் இருட்டறையில் வைத்துப் பார்க்கலாமா என்று அம்மாவும் ஆண்ட்டியும் பாசார் மலாயில் ஆலோசித்து வருகிறார்கள்.

இவ்வாண்டு நீங்களும் மண் வாங்கப் போகிறீர்கள் என்றால், செடிக்கு எது ஏற்றது என்பதோடு வீட்டில் அதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்றும் ஒருமுறை யோசித்துவிட்டு வாங்குங்கள்.