கரண்ட் வச்சதுக்கும் ஹார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எங்க ஊர்ப்பக்கம் ரேடியேஷன்னு யாரும் சொல்றதில்லை. 'கரண்ட் வைக்கிறது'தான். "மார்ல கட்டி வந்து, ஆபரேஷன் பண்ணி, கரண்ட் வச்சாங்க" என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். வைக்கும்போது வலிக்காது, சில நிமிஷத்தில் எழுந்து வந்துவிடலாம். அதனாலேயே ஆபரேஷனையும் கீமோவையும் மறக்காத குடும்பங்கள்கூட கரண்ட்டை மறந்துவிடுகின்றன.

எங்க அத்தைக்கு 1998-ல் இடது பக்கம் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், அப்புறம் ஐந்து வாரம் கரண்ட். அதுக்கப்புறம் நல்லாத்தான் இருந்தாங்க. 2019-ல் மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்குதுன்னு போனால், இதய ரத்தக்குழாயில் அடைப்பு! சுகர் இல்லை, பிரஷர் இல்லை. ஒரு டாக்டர் "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்கம்மா" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர்தான், "எப்பவாவது நெஞ்சுல ரேடியேஷன் கொடுத்திருக்காங்களா? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். 21 வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பங்கு இருக்கலாம்" என்றார்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கில் தேடித்தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இதயம் கதிர்வீச்சைத் தாங்கும் கெட்டியான உறுப்பு என்றே நம்பினார்கள். இதயத் தசை செல்கள் அதிகம் பிரிந்து பெருகுவதில்லை, அதனால் பாதிக்காது என்று கணக்கு. ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி காப்லான் போன்றவர்கள் ஹாட்ஜ்கின் நோய்க்கு நெஞ்சு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்து, சாக வேண்டிய வாலிபப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து வந்தது இதய நோய். அங்கே சிகிச்சை பெற்ற 2,232 பேரை ஆராய்ந்து 1993-ல் வெளியான கட்டுரையில், இதய நோயால் சாகும் அபாயம் மற்றவர்களைவிட சுமார் 3 மடங்கு என்று வந்தது.

தப்பு எங்கேன்னா, தசையை மட்டும் பார்த்தார்கள். அடி வாங்குவது ரத்தக்குழாயின் உள் பூச்சு. அது புண்ணாகி, அழற்சி வந்து, கொழுப்பு படிந்து, மெதுவாக அடைகிறது. நுண்ணிய குழாய்கள் அழிந்த இடத்தில் தசை நார்நாராக இறுகுகிறது. வால்வுகளில் சுண்ணாம்புச்சத்து படிகிறது. இதயத்தின் மேலுறையும் வீங்கலாம். இடது மார்பு என்றால் இன்னும் வம்பு. இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் முக்கியமான ரத்தக்குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

2013-ல் சாரா டார்பி குழுவினர் ஸ்வீடன், டென்மார்க் பெண்கள் 2,168 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரே கதிருக்கும், மாரடைப்பு மாதிரியான பெரிய இதயச் சிக்கல்கள் 7.4 சதவீதம் கூடுகின்றன. 'இதுக்குக் கீழே பயமில்லை' என்று ஒரு கோடே இல்லை. முதல் 5 வருஷத்திலேயே ஆரம்பித்து, 20 வருஷத்துக்குப் பிறகும் தொடர்கிறது.

இங்கேதான் எங்க வீட்டில் சிக்கலே. போன வருஷம் சித்தப்பா பொண்ணுக்கு அதே இடது பக்கம். "அத்தைக்கு ஹார்ட்ல வந்துச்சுல்ல? எனக்குக் கரண்ட் வேணாண்ணா"ன்னு ஒரே பிடிவாதம்.

அவளுக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 7.4 சதவீதம் என்பது ஏற்கெனவே இருக்கிற அபாயத்தின் மேல் ஏறுவது. அதே ஆய்வின் கணக்குப்படி, வேறு இதயக் கோளாறு எதுவும் இல்லாத 50 வயதுப் பெண்கள் 1,000 பேரில், 80 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் நோயால் இறப்பவர்கள் 19 பேர். இதயத்துக்கு 3 கிரே போனால் 24 பேர். அடுத்த பக்கத்தையும் பாருங்கள். மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களைப் பற்றி 2011-ல் வந்த பெரிய தொகுப்பாய்வில், கதிர்வீச்சு இல்லாமல் 15 வருஷத்தில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 1,000-க்கு 252. கதிர்வீச்சோடு 214. வேறு வேறு ஆய்வுகள், நேராகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதல்லவா?

அதோடு 1998 இல்லை இப்போது. சிடி ஸ்கேன் வைத்து இதயத்துக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுக்கும் முறையும் இருக்கிறது. நுரையீரல் உப்பும்போது இதயம் மார்பிலிருந்து விலகிக் கீழே போய்விடும். எவ்வளவு எளிமை பாருங்கள்!

இத்தனையும் நான் சொல்லி அவள் கேட்கவில்லை. அத்தை போன்ல ஒரே வரி சொன்னாங்க: "அடியே, அந்தக் கரண்ட்டுதான் எனக்கு 21 வருஷம் குடுத்துச்சு. பேரன் பேத்தி பாத்தேன். போட்டுக்கோ, ஆனா ஹார்ட்டைப் பத்தி முன்னாடியே கேட்டுக்கோ." கேட்டாள். மூச்சுப் பிடித்துத்தான் முடித்தாள்.

உங்க வீட்டில் நெஞ்சில் கரண்ட் வைத்தவர்கள் இருந்தால் மூன்று விஷயம். பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வருஷம், எந்தப் பக்கம், எத்தனை கிரே என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிரஷர், சுகர், கொலஸ்ட்ராலை மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகக் கவனியுங்கள், ஏனென்றால் இரண்டு அபாயமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.