பனிக்கட்டிப் பாலம்

உலகிலுள்ள நன்னீர் ஏரிகளுள் பரப்பினால் முதன்மை பெற்றது வட அமெரிக்காவிலுள்ள சுப்பீரியர் ஏரியாம். அதன் பரப்பு ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழ்ந்த இடத்தில் 406 மீட்டர் ஆழமுடையது. அதன் வடகரையிலே, மின்னசோட்டா மாகாணத்தில், ஒரு பனிக்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. ஆங்கு யான் கண்டவற்றையும், அவை என் உள்ளத்தில் எழுப்பிய எண்ணத்தையும் மாணவ நண்பர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

ஜனவரித் திங்களில் கதிரவன் தென்வானில் தாழத் தோன்றி, சுமார் ஒன்பது மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றான். வெப்பமானி உறைநிலைக்குக் கீழ் 25 பாகை காட்டும் வைகறையில், உறையாத நீர்ப்பரப்பினின்றும் ஆவி வெண்புகைபோல் எழுந்து நிற்கும். குடாக்கள் முதலில் உறைகின்றன; நடுவேரியோ கோடையிற் சேமித்த வெப்பத்தால் நெடுநாள் திறந்தே கிடக்கின்றது. உறைந்த பரப்பு வெடிக்குங்கால் எழும் ஓசை, தொலைவில் பீரங்கி முழங்கினாற்போலும்!

இத்தகைய இடத்தில் உயிர் ஏது என ஐயுறவேண்டா. உள்ளங்கையில் அடங்கும் சிக்கடி என்னும் சிறு குருவி, இரவிலே தன் உடற்சூட்டைத் தாழ்த்திச் செட்டாய்ச் செலவிட்டு விடியலைக் காண்கின்றது. கோடையிற் பழுப்பாயிருந்த முயல், பனியோடு பனியாய் வெண்ணிறம் பூண்டு பகைக்குத் தப்புகின்றது. நீர் 4 பாகைச் சூட்டிலே மிகுந்த செறிவுடையதாதலின், பனிக்கட்டி மேலே மிதக்க, அதன்கீழ் மீன்கள் உறையாது உலவுகின்றன. பனிக்கட்டி அவற்றிற்குக் கூரையாகின்றது.

நிற்க. அப்பனிக்கட்டி பாலமாகவும் பயன்படுகின்றது. வானம் தெளிந்த நாளில் அக்கரையிலிருந்து ஐல் ராயல் என்னும் தீவு தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் என்னும் பெருங் காட்டுமான்கள் அதனை அடைந்தன. 1940-களின் இறுதியில் ஓநாய்கள் உறைந்த ஏரியின் மேல் நடந்து சென்று ஆங்குக் குடியேறின. 1958-இல் தொடங்கிய ஆய்வில் அறிஞர்கள் பனிக்காலங்களில் சிறு விமானத்திலிருந்து அவ்விரண்டையும் எண்ணி வந்துள்ளனர். 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. பின்னர் நோயும் நெருங்கிய உறவில் ஈன்றதால் வந்த நலிவும் அவற்றைக் குறைத்தன. 1997-இல் பனிவழி வந்த ஒரே ஆண் ஓநாய் அக்குலத்திற்குப் புதுக் குருதி வழங்கிற்று. ஆயினும், புவி வெப்பமுற, முன்னாளில் அடிக்கடி அமைந்த பாலம் அரிதாயிற்று. 2014-இன் கடுங்குளிரில் அஃது அமைந்தபோதும் புதிய ஓநாய் வரவில்லை. தீவினின்று ஒன்று வெளியேறிற்று. 2018-இல் எஞ்சியவை இரண்டே! அடக்குவாரின்றிப் பெருகிய மூஸ் மான்கள் பால்சம் மரக்கன்றுகளை மேய்ந்தழித்தன.

அப்பொழுது ஒரு வழக்கு எழுந்தது. இயற்கையை அதன் போக்கில் விடுக என்றனர் சிலர். மனிதன் கைகொடுக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். முடிவில் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்கள் தீவிற்குக் கொண்டுசேர்க்கப்பட்டன. முன்னவர் கூற்றில் பணிவு உண்டு. அதனை யான் மதிக்கின்றேன். எனினும், பாலத்தை மெலிவித்த வெப்பத்தில் நம் புகைக்கூண்டுகளுக்கும் பங்குண்டன்றோ? வழியை அடைத்தவன் வாளாவிருத்தலைப் பணிவு என்றல் பொருந்துமோ? ஆதலின் கைகொடுத்ததே நன்று என்பது என் துணிபு.

ஆனால் விமானமும் படகும் ஓநாயைச் சுமந்து செல்லலாம். ஓர் ஏரியை உறையச்செய்தல் அவற்றால் ஆகாது. கொடியது என நாம் வெறுக்கும் குளிரே அங்குக் குருவிக்குப் பொறுமையையும், மீனுக்குக் கூரையையும், ஓநாய்க்கு வழியையும் அளிக்கின்றது. அக்குளிரைக் காத்தலும் உயிர்களைக் காத்தலேயாம்.